ஓடு மட்டும்தான் மிச்சம்! - ஒகேனக்கல் பாறையில் இல்லாத உயிர்... காரை மண்ணில் கிடக்கும் கதை

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் மூன்று விஷயங்களுக்காகப் போகிறார்கள். அருவிக் குளியல், பரிசல், மீன் வறுவல். எண்ணெய்த் தேய்ப்பையும் சேர்த்தால் நான்கு. பாறையைப் பார்க்கவென்று யாரும் போவதில்லை. ஆனால், ஊரின் பெயரே பாறையிலிருந்து வந்ததுதான். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை, ‘கல்’ நமக்கும் கல்தான். புகையும் கல்!

பரிசல் அந்தப் பாறை இடுக்குக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் சுவர்போல எழுந்து நிற்பது, பூமியின் மிகப் பழைய கற்களில் ஒன்று. தருமபுரி மாவட்டத்தின் அடித்தளமே இத்தகைய பாறைதான். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். தீர்த்தமலையானாலும் சரி, தொப்பூர் கணவாயானாலும் சரி, கதை அதேதான். பூமிக்கு அடியில் வெந்து, நசுங்கி, மறுபடி இறுகிய கற்கள். 

அதனால், இந்த மாவட்டத்துப் பாறையில் தேடவே வேண்டாத ஒரு பொருள் உண்டு. புதைபடிவம். ஒரு சிப்பியோ, மீன் எலும்போ, நத்தை ஓடோ கிடைக்காது. இந்தக் கல் உருவான காலத்தில் பூமியில் ஓடுள்ள உயிரே கிடையாது, நுண்ணுயிர்கள் மட்டும்தான். இருந்த ஒன்றிரண்டு தடயங்களையும் வெப்பம் விழுங்கியிருக்கும்.

ஒகேனக்கல் வட்டாரத்தில் ‘கார்பனடைட்’ என்றொரு அபூர்வக் கல்லும் உண்டு. சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. பொதுவாகச் சுண்ணாம்புக்கல் என்றதும் ‘அட, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கும்போல’ என்று தோன்றும். அப்படித்தான் பல ஊர்களில் நடந்தும் இருக்கிறது. இங்கே அது செல்லாது. இந்தக் கல் கடலில் படிந்ததல்ல. பூமியின் ஆழத்திலிருந்து எரிகுழம்பாக ஏறி வந்தது. சுண்ணாம்பு இருக்கிறது, சிப்பி இல்லை!

பாறை கைவிரித்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்க்கலாம்.

எள்ளு நீந்துமா?

மழை பெய்து நான்கைந்து வாரம் ஆன ஏரி, பாசி பிடித்த குட்டை, கோயில் குளம், நாற்று நட்ட வயல்... இப்படித் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சில நேரம் எள் அளவில், அதைவிடவும் சின்னதாக, ஏதோ உருண்டு உருண்டு ஓடும். தொட்டால் நின்றுவிடும். தூசியோ விதையோ என்று நினைத்துக் கீழே ஊற்றிவிடுவோம்.

அது ஓர் உயிர். நண்டுக்கும் இறாலுக்கும் சென்னாக்குனிக்கும் தூரத்துச் சொந்தம். உடம்பு முழுவதும் இரண்டு ஓடுகளுக்குள் அடக்கம். சிப்பிபோல ஓட்டைத் திறந்து கால்களையும் உணர்கொம்புகளையும் வெளியே நீட்டி நீந்தும். ஆபத்து என்றால் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரைதான். ஆங்கிலத்தில் இதைச் செல்லமாக ‘விதை இறால்’ என்பார்கள். விஞ்ஞானப் பெயர் ஆஸ்ட்ரகோடு. தமிழில் வழக்குப் பெயர் என்று ஒன்று புழக்கத்தில் இல்லை. பயனும் இல்லை, தொல்லையும் இல்லை என்றால் நம்மூரில் பெயர் வைக்க மாட்டோமே!

தொல்லையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நெல் வயலில் தழைச்சத்துக்காக நீலப்பச்சைப் பாசி வளர்ப்பார்கள் இல்லையா? அதை மேய்வதில் இவை கெட்டிக்காரர்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் இவற்றைக் கட்டுப்படுத்த வேப்பங்கொட்டையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

தருமபுரி போன்ற வறண்ட மாவட்டத்துக்கு இந்தப் பிராணி பொருத்தமானது என்றுதான் சொல்ல வேண்டும். ஏரி வற்றினால் பிராணி சாகும். பல நன்னீர் இனங்களின் முட்டைகளோ சாகாது. வெடித்த சேற்றுக்குள் காய்ந்து கிடக்கும். மழை வந்தால் பொரிக்கும். நார்வே நாட்டு விலங்கியலாளர் ஜார்ஜ் ஒஸியன் சார்ஸ், 19-ம் நூற்றாண்டின் இறுதியில், ஆஸ்திரேலியாவிலிருந்து காய்ந்த சேற்றைப் பொட்டலமாக வரவழைத்தார். அதைத் தண்ணீரில் கரைத்து வைத்து, தன் வீட்டுத் தொட்டியிலேயே ஆஸ்திரேலிய ஆஸ்ட்ரகோடுகளை வளர்த்துப் படம் வரைந்தார். டிக்கெட் செலவு இல்லாத உலகச் சுற்றுலா!

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆஸ்ட்ரகான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சிப்பி ஓடு என்றும் பொருள், உடைந்த பானை ஓடு என்றும் பொருள். தமிழிலும் அதே கதைதானே? நத்தைக்கும் ஓடு, நண்டுக்கும் ஓடு, கூரைக்கும் ஓடு, உடைந்த சட்டிக்கும் ஓடு. தருமபுரி மாவட்டம் மோதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே பானை ஓட்டின் நிறம், தடிமன், விளிம்பு வளைவு ஆகியவற்றை வைத்து ‘இது இன்ன காலத்துப் பானை’ என்று சொன்னார்கள். பானையைச் செய்தவர் இல்லை, அதில் சமைத்ததும் இல்லை, முழுப் பானையும் இல்லை. ஓடுதான் சாட்சி.

ஆஸ்ட்ரகோடு ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட இதே வேலைதான். 45 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமியில் இருக்கும் இந்த இனத்தில் அழிந்துபோனவை ஏராளம். அவற்றின் கால், கண், கொம்பு எல்லாம் மட்கிவிட்டன. மிஞ்சியது சுண்ணாம்பு ஓடு. அந்த ஓட்டை வைத்து, ‘இது யார், எந்தக் குடும்பம்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஓட்டைப் பார்க்கத் தருமபுரியிலிருந்து கிழக்கே பஸ் ஏற வேண்டும்.

கடல் வந்து நின்ற ஊர்

சேலம், ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர். அரை நாள் பயணம். வழிநெடுக அதே பழம்பாறைக் குன்றுகள் கூடவே வரும். பெரம்பலூருக்குத் தெற்கே, ஊட்டத்தூர், காரை பக்கம் போகும்போது நிலத்தின் குணம் மாறும். கருங்கல் முடிந்து களிமண் தொடங்கும் அந்த விளிம்பில்தான், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் வந்து நின்றது. மேற்கே மேட்டு நிலம். அதை மழை அரித்துக் கொண்டுவந்த மண், இங்கே கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. கடல் பலமுறை முன்னே வந்தது, பின்னே போனது. கடைசியில் கிழக்கே ஒதுங்கிக்கொண்டது.

காரையில் இறங்கி நடந்தால் வேறு கிரகத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். மரமே இல்லாமல், மஞ்சளும் செம்பழுப்புமாக, மழை கீறிக் கீறிப் பிளந்த மண் மேடுகள். இடையிடையே கண்ணாடித் துண்டுபோல ஜிப்சம் மின்னும். துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் நீள நீளமாகக் கிடப்பவை ‘பெலம்னைட்’ - கணவாய் மீனின் பழைய உறவுக்காரர் விட்டுப்போன உள்கூடு. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய நிலவியல் நினைவுச்சின்னப் பட்டியலில் காரை - குளக்காநத்தம் பகுதி இடம்பெற்றிருக்கிறது. பக்கத்திலேயே சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளம். நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்தது. காரை வரை வந்தவர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவது பாவம்.

இந்த வட்டாரத்தின் புகழ் பழையது. சென்னை மாகாண அரசில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் கல் பொறுக்கினார்கள். அவர்கள் அனுப்பியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் லண்டனில் விவரித்தார். 1862-ல் ஹெச்.எஃப்.பிளான்ஃபோர்டு முறையாக வரைபடம் போட்டு, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். உலகத்தின் எந்த மூலையிலும் கிரெட்டேசியஸ் காலக் கடலைப் படிக்கிறவர்களுக்கு நம்மூர் ‘ஊட்டத்தூர்’ பரிச்சயமான பெயர்.

கண்ணுக்குத் தெரிந்த பெரிய சங்கு, சிப்பி, சுருள் சுருளான அம்மோனைட் எல்லாம் முதலில் பெயர் வாங்கிவிட்டன. காலுக்கடியில் இருந்த களிமண்ணுக்குள் கோடிக்கணக்கில் கிடந்த பொடி ஓடுகளுக்கு வெகுநாள் கழித்துத்தான் முறை வந்தது. அதற்கு ஒரு காரணம் எண்ணெய்! பூமியைத் துளைக்கும்போது பெரிய சிப்பி நொறுங்கிவிடும். அரை மில்லிமீட்டர் ஓடு நொறுங்காமல் மேலே வரும். எந்த ஆழத்தில் எந்த ஓடு வருகிறது என்று பார்த்தால், துளை எந்தக் காலத்து அடுக்கில் போகிறது என்று தெரிந்துவிடும். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடிய ஓ.என்.ஜி.சி. ஆய்வகங்களுக்கு இந்தப் பொடி உயிர்கள்தான் கடிகாரம்.

ஓட்டை எடுக்கும் விதம் சமையலறைக் கைவேலை போன்றது. அரைக் கிலோ களிமண்ணை இரவு முழுக்க ஊறவைப்பார்கள். இளகவில்லை என்றால் சலவை சோடாவோ, ஹைட்ரஜன் பெராக்சைடோ கொஞ்சம். காலையில் நுண்சல்லடையில் குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்து கழுவுவார்கள். கடைசிச் சல்லடையின் கண் 63 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் பருமன். சேறெல்லாம் போய் ஒரு ஸ்பூன் மணல் மிஞ்சும். காயவைத்து, கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நாலைந்து முடி மட்டுமே உள்ள தூரிகையை ஈரமாக்கி, ஒவ்வோர் ஓடாக ஒட்டி எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதற்கு நேர்மாறு - இங்கே அரிசியை விட்டுவிட்டுக் கல்லை எடுக்க வேண்டும்!

கதவும் கீலும் தழும்பும்

எடுத்தாயிற்று. இது யார்?

முதலில் வெளித்தோற்றம். வழவழப்பா, குழி குழியாகவா, வரம்பு, முள் ஏதும் உண்டா? பொதுவாக நன்னீர் இனங்கள் வழவழப்பானவை. கடல் இனங்களில்தான் நகை வேலைப்பாடு அதிகம். ஆனால், வெளித்தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால், ஓட்டைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

இரண்டு ஓடுகளும் முதுகில் ஒன்றோடொன்று இணைகின்றன. வீட்டுக் கதவுக்குக் கீல் மாதிரி. சிலவற்றில் வெறும் வரப்பும் பள்ளமும்தான். சிலவற்றில் பல்லும், அந்தப் பல் உட்காரக் குழியும். தச்சர் வேலையைப் பார்த்து ‘இது செட்டிநாட்டுக் கதவு’ என்று சொல்வதுபோல, கீலைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லலாம்.

அதைவிட முக்கியம், தழும்பு. பிராணி ஓட்டை மூடுவதற்குத் தசையால் இழுக்கும். அந்தத் தசை ஒட்டியிருந்த இடத்தில் ஓட்டின் உள்ளே தழும்பு விழும். கடலில் அதிகம் காணப்படும் ‘சித்தெராய்டு’ கூட்டத்துக்கு மேலிருந்து கீழாக நான்கு தழும்பு, வரிசையாக. ‘டார்வினுலா’வுக்கு (ஆமாம், அந்த டார்வின்தான்!) பூவிதழ்போல வட்டமாக. குளத்தில் நீந்தும் ‘சிப்ரிஸ்’ உறவினர்களுக்கு நாய்க்குட்டி பாதம் பதித்தாற்போல ஒரு கூட்டம். உடல் போய்ப் பல கோடி ஆண்டுகள் ஆன பின்னும் தசை எங்கே இழுத்தது என்பது மட்டும் ஓட்டில் எழுதியிருக்கிறது.

குழப்பமும் இங்கேதான் ஆரம்பம். இந்தப் பிராணி பாம்புபோலச் சட்டை உரித்து வளரும். பெரும்பாலான இனங்கள் எட்டு முறை. ஒவ்வொரு முறையும் பழைய ஓடு கழன்று மண்ணில் விழும். ஆக, ஒரே ஒரு பிராணி ஒன்பது அளவுகளில் ஒன்பது ஜோடி ஓடுகளை விட்டுச்செல்லும்! சின்ன ஓட்டுக்குக் கீல் எளிமையாக இருக்கும், வடிவமும் வேறாக இருக்கும். தெரியாமல் பார்த்தால் அம்மாவுக்கு ஒரு பெயர், அதன் குழந்தைப் பருவ ஓட்டுக்கு வேறு பெயர். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபடும் இனங்களில் இரண்டையும் தனித்தனி இனமாக எழுதிவைத்த கதைகளும் உண்டு.

இந்தக் குழப்பத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. ஒரு மண் மாதிரியில் குட்டி முதல் பெரிசு வரை எல்லா அளவும் கிடைத்தால், அவை வாழ்ந்த இடத்திலேயே புதைந்தன என்று அர்த்தம். ஒரே அளவு மட்டும் கிடைத்தால், நீரோட்டம் அரித்துச் சலித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

ஆனால், கீலும் தழும்பும் எந்தக் காலுக்கு, எந்தக் கொம்புக்குப் பொருந்தும் என்று எப்படித் தெரியும்? உயிரோடு இருப்பதைத் திறந்து பார்த்துத்தான். விலங்கியலாளர்கள் ஆஸ்ட்ரகோடைக் கால்களையும் உணர்கொம்பையும் வைத்துப் பிரிக்கிறார்கள். தொல்லுயிரியலாளர்களுக்குக் கிடைப்பதோ ஓடு மட்டும். இரண்டு தரப்புக்கும் பாலம், இன்று வாழும் இனங்கள். அதனால்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாக நிலவியல் துறையினர் மன்னார் வளைகுடா போன்ற கடற்பகுதிகளின் இன்றைய சேற்றில் ஆஸ்ட்ரகோடு தேடினார்கள். குளத்து இனங்களுக்கும் அதே கணக்குதான். புதைபடிவமே இல்லாத தருமபுரியின் ஏரித் தண்ணீரில் இருப்பதும் அந்தப் பாலத்தின் ஒரு துண்டு.

ஓடு சொன்ன பொய்கள்

பாலம் இல்லாமல் ஓட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? சில பெரிய ஏமாற்றங்கள் நடந்திருக்கின்றன.

கேம்பிரியன் காலப் பாறைகளில், அதாவது 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அடுக்குகளில், ‘பிராடோரிட்’ என்ற சின்ன இரட்டை ஓட்டு உயிர்கள் நிறையக் கிடைத்தன. அச்சு அசல் ஆஸ்ட்ரகோடு மாதிரி. ‘இவைதான் மூதாதையர்’ என்று பாடப்புத்தகத்திலேயே எழுதினார்கள். பிறகு சீனாவின் யுன்னான் மாகாணத்தில், செங்ஜியாங் என்ற இடத்துப் பாறையில் கால்களோடு பதிந்த பிராடோரிட்கள் கிடைத்தன. கால்களைப் பார்த்ததும் கதை முடிந்தது. இவை ஆஸ்ட்ரகோடே அல்ல! ஒரே மாதிரிச் சட்டை போட்ட வேறு வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்தது 2003-ல், இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டுஷயரில். 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைச் சாம்பலில் புதைந்த ஓர் ஆஸ்ட்ரகோடு. கல்லைத் துளித்துளியாகத் தேய்த்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் அடுக்கி, முழுப் பிராணியையும் முப்பரிமாணத்தில் மீட்டார்கள். கால், செவுள், கண் எல்லாம் இருந்தன. உடம்பைப் பார்த்தால் இன்றும் வாழும் ஒரு கடல் குடும்பத்தின் சாயல். ஓட்டைப் பார்த்தால் அந்தக் குடும்பம் என்று சொல்லவே முடியாது. மிகப் பழைய ஆஸ்ட்ரகோடுகளை ஓட்டை மட்டும் வைத்து வகைப்படுத்தும்போது எச்சரிக்கை தேவை என்று கண்டுபிடித்தவர்களே எழுதினார்கள். வாழ்நாள் முழுக்க ஓட்டை மட்டுமே பார்த்துப் பெயர் வைத்தவர்களுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

காரைக் களிமண்ணின் காலத்தை ஒட்டிய மியான்மர் அம்பரில், அதாவது மரப்பிசின் கல்லில், சிக்கிய ஆஸ்ட்ரகோடுகள் கால்கள் கலையாமல் கிடைத்ததாக 2020-ல் செய்தி வந்தது. பிசின் உதவியது, சாம்பல் உதவியது. களிமண் அவ்வளவு தாராளம் இல்லை. காரையில் ஓட்டோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

ஒரு பெயரால் நகரும் கண்டம்

‘எள்ளளவு ஓட்டுக்குப் பெயர் மாறினால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், நம் நாட்டிலேயே இருக்கிறது.

ஜான் கிராண்ட் மால்கம்சன் என்று ஒரு டாக்டர். சென்னை மாகாணப் படையில் மருத்துவர். தக்காணத்தின் எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடையே சிக்கியிருந்த ஏரிச் சேற்றில் அவர் பொறுக்கிய பொடி ஓடுகளுக்கு, 1840-ல் ஜேம்ஸ் டி கார்ல் சவர்பி பெயர் வைத்தார். ஒன்று ‘சிப்ரிஸ் சப்குளோபோசா’, இன்னொன்று ‘சிப்ரிஸ் சிலிண்ட்ரிகா’. பிற்பாடு, இந்தியக் குளங்களில் பிடிபட்ட உயிருள்ள ஆஸ்ட்ரகோடு ஒன்றுக்கும் அந்த முதல் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் காலத்தில் செத்ததும், நேற்று வயலில் நீந்தியதும் ஒரே இனமா? புதைபடிவத்தை இப்போது ‘பாராசிப்ரெட்டா’ என்ற வேறு பேரினத்தில் வைத்து எழுதுகிறார்கள். பெயர்க் குழப்பம் தீர நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இரண்டாவது ஓட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். அது ‘மங்கோலியனெல்லா’ என்ற பேரினத்துக்குப் போனது. பெயரிலேயே மங்கோலியா! இப்படித் தக்காண ஓடுகள் பலவற்றுக்கு ஆசியப் பெயர்கள் சூட்டப்பட்டபோது, ஒரு பெரிய கேள்வி கூடவே வந்தது. நன்னீர்ப் பிராணி கடலைத் தாண்டாது. மங்கோலியச் சொந்தம் இங்கே இருந்தால், அந்தக் காலத்திலேயே இந்தியா ஆசியாவுக்கு அருகில், தரைவழித் தொடர்போடு இருந்ததா? ஆனால், நிலவியல் கணக்குப்படி அப்போது இந்தியா நடுக்கடலில் வடக்கே நகர்ந்துகொண்டிருந்த தனித் தீவு.

வேல்ஸ் நாட்டின் ராபின் வாட்லியும், இந்தியாவின் சுனில் பாஜ்பாயும் இந்த ஓடுகளை மறுபடி எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த முடிவு: இவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறு எங்கும் இல்லாத, இந்தியாவுக்கே சொந்தமான இனங்கள். தீவு என்ற கணக்குக்கு அது பொருந்தியது. நீந்தாமலே கடல் தாண்டும் வழியும் இந்தப் பிராணிக்கு உண்டு என்பது வேறு விஷயம். காய்ந்த முட்டை காற்றிலோ, பறவையின் காலிலோ ஒட்டிப் போகலாம். அதனால் விவாதம் அடங்கிவிடவில்லை. ஒரு கண்டம் தீவாக இருந்ததா, இல்லையா என்ற வழக்கில், எள்ளளவு ஓட்டின் பெயர் சாட்சிக் கூண்டில் நிற்கிறது. தப்பான பெயர், தப்பான சாட்சி.

பெரிசு போச்சு, சிறிசு இருக்கு

மறுபடி அரியலூர் மண்ணுக்கு வருவோம். கல்லமேடு என்ற ஊர்ப் பக்கம், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பிரமாண்டமான டைனோசர் எலும்புகளைக் கண்டு, 1987-ல் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பெரிய உடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் அதை மாமிசம் தின்னும் வகை என்றார்கள். பிறகு இலை தழை தின்னும் நீள்கழுத்து வகையாக இருக்கலாம் என்று மாற்றினார்கள். உலகிலேயே மிகப் பெரியதோ என்றுகூடப் பேச்சு வந்தது. எடுத்துச் சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை! அந்த மண்ணின் ஈரத்தில் ஊறிய எலும்புகள் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டதாகப் பின்னர் தெரியவந்தது. மிஞ்சியது ஏட்டுப் பதிவுகள்தான்.

அதே மாவட்டத்தில், அதே காலத்தை ஒட்டிய கடல் அடுக்கில் கிடந்த அரை மில்லிமீட்டர் ஓடு ஒன்றை, அட்டை ஸ்லைடில் ஒட்டி, மேலே கண்ணாடி வைத்து மூடினால் நூறு வருடம் ஆனாலும் அசையாது. ஐந்நூறு இனங்களை ஒரு சிகரெட் பெட்டி அளவு இடத்தில் வைக்கலாம். சந்தேகம் வந்தால் எடுத்து மறுபடி பார்க்கலாம். சவர்பியின் ஓட்டுக்கு இத்தனை வருடம் கழித்துப் பேரினம் மாற்ற முடிந்ததும் அப்படித்தான்.

ஆனால், ஓடு மட்டும் போதாது. எந்த ஊர், எந்த மேட்டின் எந்த அடுக்கு, மேலிருந்து எத்தனை அடி என்ற சீட்டு கூடவே இருக்க வேண்டும். அரியலூரில் இப்போது சிக்கல் அங்கேதான். அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்றைய சிமென்ட். அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள், சாலையெங்கும் லாரி, இலை நுனி வரை வெள்ளைப் புழுதி. சுரங்கம் வெட்டுவதால்தான் பல அடுக்குகள் வெளிச்சத்துக்கே வந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆய்வு மாணவர்கள் தேடிப் போவதும் அந்தச் சுரங்கச் சுவர்களைத்தான். ஆனால், சுவர் நாளைக்கு அங்கே இருக்காது. இன்று மாதிரி எடுக்காத அடுக்கு, அடுத்த மாதம் சிமென்ட் மூட்டையாகத் தருமபுரியிலேயே ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் ஆகலாம். பல கோடி ஓடுகள் தளத்துக்குள் போய்விடும்; எந்த அடுக்கு என்று கேட்க ஆள் இருக்காது.

காரை மேடுகளில் சேதம் வேறு மாதிரி. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெலம்னைட்டையும் சுறாப் பல்லையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஷோகேஸில் இரண்டு நாள் இருக்கும். பிறகு அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. போட்டோ எடுத்துக்கொண்டு, கல்லை அங்கேயே விடுவது நல்லது.

போக நினைப்பவர்களுக்கு: காரை மேடுகளில் நிழல் கிடையாது. மார்கழி, தை மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். மழை பெய்த மறுநாள் களிமண் செருப்பைப் பிடித்து இழுக்கும். சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்துவிட்டு, அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் தொல்லுயிர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பிள்ளைகளுக்கு அம்மோனைட்டும் டைனோசரும் பிடிக்கும். ஆஸ்ட்ரகோடு பார்க்க மட்டும் நுண்ணோக்கி வேண்டும். பள்ளியில் ஒன்று இருந்தால், ஊர்க் குளத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் போதும். உருண்டு ஓடும் எள் ஒன்றைச் சொட்டுத் தண்ணீரோடு கண்ணாடியில் வைத்தால், ஓடு மெல்லத் திறந்து, கால் வெளியே வருவதைப் பார்க்கலாம்.